எட்டுப் போக

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை. வழக்கமான நேரத்துக்கு எழுந்தேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் டிரம்மை நிரப்பினேன். சட்டைப் பையில் பேனா, சின்ன டார்ச், அடையாள அட்டை. ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுக் காப்பிக்கு உட்கார்ந்தேன்.

எங்கள் சமையலறைக் கடிகாரம் பத்து நிமிடம் முந்திக் காட்டும். கெட்டுப்போனதால் அல்ல; நாங்களே அப்படித்தான் வைத்திருக்கிறோம். பஸ்ஸையும் லோக்கல் ரயிலையும் நம்பிப் பிழைக்கிற இந்த ஊரில் பாதி வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு.

"ஏன்னா, ஏழாகப் போறது" என்றாள் என் மனைவி வசந்தா, கடிகாரத்தைப் பார்த்து.

ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் காப்பியைச் சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்தேன். பேனாவை அதன் மூடியோடு அல்லாமல் பைக்குள் வைக்காத ஆள் நான். எங்கள் வீட்டில் பொய் சொல்ல அனுமதி பெற்ற ஒரே பொருள் அந்தக் கடிகாரம்தான்.

மாட்டுங்கா சர்க்கிளில் கம்பெனி பஸ் ஏறினேன். சயானில் தாராவிக்காரர்கள் ஏறினார்கள். முதலில் தங்கதுரை, எங்கள் பாய்லர் ஆப்பரேட்டர். பின்னாலேயே பைப் ஃபிட்டர் இசக்கி, தங்கதுரையின் தங்கையைக் கட்டியவர். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இருவரும் ஒரே ஷிப்டில் வந்தால் பஸ்ஸில் யாரும் தூங்க முடியாது.

"சார், இன்னைக்கு பாய்லர ஒங்க புது கம்ப்யூட்டர் கைல குடுக்கோம். பாத்துக்கிடுங்க" என்றார் தங்கதுரை.

"இத்தன வருசம் எங்க மச்சான் கைல குடுத்துட்டு உசுரோட இருக்கோம். இனிமே என்ன வந்துரப் போவுது?" என்றார் இசக்கி.

பஸ் சிரித்தது. சுனாபட்டி தாண்டும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

எட்டு வந்த கதை

ஆலையின் பெயர் வேண்டாம். செம்பூரில் இருக்கிறது, சோப்புக்கு வேண்டிய எண்ணெய்ப் பொருட்களைத் தயாரிக்கிறது. அதன் கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பராமரிப்பதும், பழசானால் புதிதாக மாற்றுவதும் என் வேலை.

இந்தத் தொடரைப் படிக்கும் ஓர் அன்பர், "கம்ப்யூட்டர் எப்படி ஆலையை ஓட்டும்?" என்று கேட்டு எழுதியிருந்தார். பெரிய மாயம் ஒன்றுமில்லை. ஆலை முழுவதும் சூட்டையும் அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளக்கிற கருவிகள் இருக்கின்றன. அவை சொல்வது கம்பி வழியாக வந்து திரையில் எண்ணாகத் தெரியும். ஆப்பரேட்டர், "இந்த எண்ணில் நிறுத்து" என்று சொன்னால், கணினி வால்வைத் திறந்தும் மூடியும் அங்கேயே நிறுத்தி வைக்கும். திரையில் வருகிற எண்ணை நம்ப முடிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பாய்லரின் நீர்மட்டத்தை அதுவரை அப்படி நம்ப முடிந்ததில்லை.

பாய்லரின் உச்சியில் ஒரு பெரிய உருளை உண்டு. கீழ்ப்பாதியில் தண்ணீர், மேல்பாதியில் நீராவி. தண்ணீர் குறைந்துவிட்டால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். கூடிவிட்டால் தண்ணீர் நீராவியோடு சேர்ந்து ஆலைக்குப் போகிற குழாய்க்குள் பாயும். நீராவியின் வேகத்தில் ஓடுகிற தண்ணீர் ஒரு வளைவில் போய் மோதினால் சம்மட்டி அடிதான். இரும்புக் குழாய் துள்ளும். எனவே மட்டம் நடுவில், ஐம்பதில் நிற்க வேண்டும்.

பழைய கணினித் திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தால்தான் உண்மையில் ஐம்பது. அளக்கும் கருவியை முதலில் பொருத்தியவர்கள், ஒரு தூண் குறுக்கே வந்ததால், சற்றுத் தள்ளிப் பொருத்திவிட்டார்கள். அதற்கேற்றபடி கணக்கை மாற்றாமல் போய்விட்டார்கள். அந்த எட்டு எப்போதும் கூடுதலாகவே வரும். ஒவ்வொரு வருஷமும் யாராவது சரி செய்யலாம் என்பார்கள். ஆப்பரேட்டர்கள், "கையை வைக்காதீர்கள், எங்களுக்குப் பழகிவிட்டது" என்பார்கள்.

நன்றாகவே பழகியிருந்தது. பாய்லர் வேலைக்கு வருகிற எவரும் முதல் நாள் கேட்கிற முதல் வார்த்தை, "எட்டுப் போக." ஷிப்ட் மாறும்போது, "அறுபது, எட்டுப் போக" என்று சொல்லித்தான் நாற்காலியைக் கொடுப்பார்கள். மராத்திக்காரர்களும் அந்த இரண்டு சொல்லைத் தமிழிலேயே சொன்னார்கள்.

அதுவே கன்ட்ரோல் ரூமின் வேடிக்கையாகவும் ஆனது. தங்கதுரையிடம் வயதைக் கேட்டால், "அம்பத்தாறு. எட்டுப் போக நாப்பத்தெட்டு" என்பார். இசக்கி தன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தபோது, "மச்சான், முகூர்த்தம் ஒம்பது மணிக்கு. எட்டெல்லாம் போக்கிட்டு ஒரு மணிக்கே வந்து நிக்காதீங்க" என்றார்.

காரியம் என்னைக்கு?

பழைய கணினிக்கு உதிரிப் பாகம் கிடைப்பது நின்றுபோயிருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. விசைப்பலகையில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டன. எச்சரிக்கை மணியை நிறுத்தும் பொத்தானில் யாரோ தீக்குச்சியைச் செருகி, அது நிரந்தரமாக அமுங்கியபடியே இருக்கச் செய்திருந்தார்கள். நான் எடுப்பேன், மறுவாரம் வேறொரு குச்சி இருக்கும்.

ஆலையை நிறுத்தியிருந்த நாட்களில் எல்லாவற்றையும் மாற்றினோம். நூற்றுக்கணக்கான கம்பிகள். ஒரு கம்பியைக் கழற்றுமுன் அதன் எண்ணை நான் உரக்கப் படிப்பேன். எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்வார். பிறகுதான் திருகாணியில் கை வைப்போம். மெதுவான முறைதான். ஆனால் ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை.

அப்போதுதான் தங்கதுரை வந்து கேட்டார்.

"சார், எல்லாத்தையும் புதுசாக்குதீங்க. அந்த எட்டையும் எடுத்துருங்க. எனக்கப்புறம் வாரவன் மறந்தான்னா சோலி முடிஞ்சிரும்."

எடுத்தேன். உருளையில் தண்ணீரை ஏற்றி இறக்கி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தெரிகிற மட்டத்தோடு ஒப்பிட்டேன். கண்ணாடியைப் படித்தவர் பாய்லர் உதவியாளர் ஷிண்டே. திரையைப் படித்தவர் தங்கதுரை. இருவரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். தங்கதுரை தொடையில் தட்டிக்கொண்டார்.

எல்லா ஷிப்டுக்கும் கூட்டம் போட்டுச் சொன்னேன். திரைக்கு மேலே நான்கு மொழியில் அட்டை ஒட்டினேன்: "எட்டு இனி இல்லை. திரையில் தெரிவதே உண்மை."

தங்கதுரை தமிழ் வரியை வாய்விட்டுப் படித்தார். "எட்டு செத்துப்போச்சா? அப்ப காரியம் என்னைக்கு சார்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பாலத்தின் மேலே இசக்கி

அன்று, அந்தப் புதன்கிழமை, காலையில் பாய்லரைப் பற்றவைத்தோம். "மட்டம் ஐம்பது" என்று நான் சொன்னேன். "அம்பது" என்று தங்கதுரை திருப்பிச் சொல்லி அந்த எண்ணைக் கணினிக்குக் கொடுத்தார். அழுத்தம் மெல்ல ஏறியது. சாப்பாட்டுக்குப் பிறகு, ஆலைக்கு நீராவி கொடுக்கலாம் என்று தகவல் வந்தது.

ஆறிக் கிடந்த குழாயில் நீராவி நுழைந்தால் முதலில் தண்ணீராகும். அதை வடித்துவிட வேண்டும். குழாய்கள் போகிற உயரமான இரும்புப் பாலத்தின் மேல் ஏறி, வளைவுக்குப் பக்கத்தில் நின்று வடிகால் வால்வைத் திறந்து வைப்பது இசக்கியின் வேலை. வெறும் நீராவி வரத் தொடங்கியதும் வால்வை மூடிவிட்டு இறங்க வேண்டும். அதுவரை அந்த வளைவும் அவரும் பக்கத்துப் பக்கத்தில்தான்.

தங்கதுரை திரைக்கு முன்னால். நான் பின்னால் ஒரு மேஜையில், அவருக்கு முதுகைக் காட்டியபடி, என் லேப்டாப்போடு. புதிய கட்டளைகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பது என் பாடு.

நீர்மட்டம் நகர்ந்தது. ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. மெதுவாக, பதற்றமில்லாமல்.

என் மனம் முதலில் என் வேலையைத்தான் சந்தேகித்தது. நான் எழுதிய கட்டளை வால்வை அதிகமாகத் திறக்கிறதோ? வரி வரியாகப் படித்தேன். தவறு தெரியவில்லை.

வாக்கி டாக்கியில் இசக்கியின் குரல் வந்தது. "மச்சான், தண்ணி நிக்கவே மாட்டேங்கு. வந்துக்கிட்டே கெடக்கு."

"வரத்தான் செய்யும் மாப்ள. இத்தன நாளா ஆறிக் கெடந்த குழாயில்லா. மட்டம் ஏக்தம் பக்கா, அம்பதுல நிக்கி."

என் லேப்டாப் ஐம்பத்தெட்டு என்றது. அவர் ஐம்பது என்கிறார்.

இரண்டு கணினிகள் இரண்டு எண்ணைக் காட்டுகின்றன என்றால் அவற்றை இணைக்கிற இடத்தில் பிசகு. அது என் இலாகா. மேஜைக்கடியில் குனிந்து கேபிளைப் பார்த்தேன். பிடுங்கிச் செருகினேன். மறுபடியும் ஐம்பத்தெட்டு.

திரும்பிப் பார்த்திருந்தால் அவர் திரையிலும் அதே எண்தான். நான் திரும்பவில்லை. தங்கதுரை சொல்கிற எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் அந்த ஆலையில் யாருக்கும் இல்லை.

"மச்சான், குழாய் லேசா தட்டுது" என்றார் இசக்கி. அவர் வாக்கி டாக்கியைக் குழாய்ப் பக்கம் காட்டியிருக்க வேண்டும். டொக். சற்று இடைவெளி. டொக்.

அதே சமயம் ஆலைப் பக்கம் யாரோ பெரிய வால்வைத் திறந்து நீராவியை இழுத்தார்கள். திடீரென்று இழுத்தால் உருளைக்குள் தண்ணீர் பால் பொங்குவது போலப் பொங்கும். அறுபத்து மூன்று. அறுபத்து ஏழு. எச்சரிக்கை வந்தது, ஆனால் முதல் நாள் பற்றவைப்பில் காலையிலிருந்தே திரை முழுவதும் சிவப்பு வரிகள். அதுவும் அவற்றில் ஒன்றாக நின்றது.

கீழே கண்ணாடிக் குழாயருகில் நின்ற ஷிண்டே தண்ணீரை நிறுத்தச் சொல்லி வாக்கி டாக்கியில் கத்தினார்: "ஷீஷா ஃபுல் ஹோ கயா! பானி பந்த் கரோ!"

தங்கதுரை எரிச்சலோடு என்னிடம் சொன்னார்: "அறுவதுகூட ஆவல சார், கண்ணாடி ஃபுல்லுங்கான். தூங்கி எந்திச்சு வந்துருக்கான்."

அறுபதுகூட ஆகவில்லை. என் லேப்டாப்பில் அறுபத்தேழு. இடையில் இருப்பது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. நாற்காலியோடு திரும்பினேன். அவருடைய திரையிலும் அறுபத்தேழு. அதற்குக் கீழே, ஆப்பரேட்டர் கொடுத்திருக்கும் எண்: ஐம்பத்தெட்டு.

காலையில் நாங்கள் சொல்லித் திருப்பிச் சொன்ன ஐம்பதை அவரே மாற்றியிருந்தார். நீராவி கொடுக்கும் அவசரத்தில், எப்போதும் போல.

"தங்கதுரை, எட்டு!" என்றேன்.

அந்த முகத்தை மறக்க முடியவில்லை. ஒரு கணம் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு கண் மேலே போனது, நான்கு மொழியில் ஒட்டியிருந்த அட்டைக்கு.

அதற்கப்புறம் அவர் கைகள் இயங்கிய வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வால்வை மூடினார். நீராவி வால்வை மூடக் கட்டளை கொடுத்தார். பெரிய வால்வு; மெல்லத்தான் மூடும். இன்னொரு கையால் வாக்கி டாக்கியை அமுக்கினார்.

"மாப்ள, எறங்கும்! எல்லாத்தையும் போட்டுட்டு எறங்கும்வே!"

"என்ன மச்சான்? இந்த வால்வப் பூட்டிட்டு…"

"வால்வு கெடக்கட்டும்! எறங்கும்வே!"

டொக். டொக். டொக். பிறகு ஒரு அடி. கன்ட்ரோல் ரூம் கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது. மேஜையில் இருந்த டீ கிளாஸ் நகர்ந்தது.

வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும்.

"மாப்ள. மாப்ள. ஏ, இசக்கி."

ஓடுகிற பாய்லரை விட்டு ஆப்பரேட்டர் எழக்கூடாது. தங்கதுரை எழவில்லை. நெருப்பைக் குறைத்தபடி, அழுத்தத்தைப் பார்த்தபடி, வாக்கி டாக்கியில் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஓடினேன்.

குழாய் தன் தாங்கியிலிருந்து துள்ளி ஒருக்களித்துக் கிடந்தது. அதன் மேல் சுற்றியிருந்த உறைத் தகடு பிளந்து, சூடு காக்கும் பஞ்சு பறந்தது. ஹெல்மெட் தரையில் கிடந்தது. சற்றுத் தள்ளி, உடைந்த வாக்கி டாக்கி. ஏணியின் நடுவில், தூணை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, இசக்கி.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. மேலே ஏறி காலைத் தொட்டேன்.

"செவி அடைச்சிட்டு சார். நீங்க பேசுதது கேக்கல" என்றார். முழங்கை சிராய்த்து ரத்தம். கீழே இறங்கி உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பிறகு சொன்னார்: "எங்க மச்சான்ட்ட சொல்லுங்க. அவுக தங்கச்சி தாலி பத்திரமா இருக்குன்னு."

அந்த நாற்காலி

வந்து சொன்னேன். தங்கதுரை சிரிக்கவில்லை. பாய்லரை முழுதாக இறக்கி முடித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான்தான சார் அந்த எட்ட எடுக்கச் சொன்னேன்" என்றார். "அட்டையப் படிச்சேன். கேலி பண்ணேன். கை கேக்கல சார்."

டாக்டர் இசக்கியின் காதைப் பார்த்து, கேட்கும் திறன் திரும்பிவிடும் என்றார். அன்று மாலையே திரும்பவும் செய்தது. குழாயைத் தாங்கியில் ஏற்றி, விரிசல் இல்லை என்று சோதித்து முடிக்கவும் மாலையாகிவிட்டது. மறுநாள் காலை மீண்டும் பற்றவைக்க வேண்டும். மீண்டும் ஒருவர் அந்த வளைவில் நிற்க வேண்டும்.

ஆலை மேலாளர் மராத்திக்காரர், பொதுவாக நிதானமானவர். "கல் தூஸ்ரா ஆத்மி பிடாவோ" என்றார். நாளைக்கு வேறு ஆளை உட்கார வை.

"யாரை?" என்றேன். "பாய்லர் ஆப்பரேட்டர் ஒவ்வொருவர் கையிலும் அதே எட்டு இருக்கிறது. இன்று இவர் கை. நாளை இன்னொருவர் கை."

தங்கதுரை குறுக்கிட்டார். "மேனேஜர் சொல்லுதது சரிதான் சார். என்னைய அந்தச் சேர்ல உக்கார வைக்காதீங்க. இல்லேன்னா பழைய எட்டையே திரும்பப் போட்டுக் குடுங்க. அத வச்சு ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அறையில் இருந்த மற்றவர்களும் தலையாட்டினார்கள். எட்டைத் திரும்பப் போடுங்கள்.

சரியான எண்ணைக் கெடுத்துத் தப்பான எண்ணாக்கிக் கொடுப்பதா? ஆனால் சரியான எண்தான் அன்று ஒரு மனிதரை ஏணியில் தொங்கவிட்டது.

அது வேற

வீட்டுக்கு வந்தேன். சமையலறைக் கடிகாரம் என்னைப் பார்த்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி அதைக் கழற்றினேன்.

"என்ன பண்றேள்?" என்றாள் வசந்தா.

"சரியா வைக்கப்போறேன்."

"நன்னாருக்கு. நாளைக்கு நானும் கழிப்பேன், நீங்களும் கழிப்பேள். ரெண்டு பேரும் பஸ்ஸை விட்டுட்டு நிக்கலாம்."

"மாத்தியாச்சுன்னு ஞாபகம் வெச்சுண்டா போறது."

"ராத்திரி ஞாபகம் இருக்கும். காலம்பர ஒரு கையில கரண்டியும் ஒரு கையில டப்பாவுமா நிக்கறச்சே இருக்குமா?"

கடிகாரத்தைக் கையில் வைத்தபடி, சரியான நேரம் பார்க்கச் சட்டைப்பையிலிருந்து மொபைலை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன்.

"வசந்தா, மொபைல்ல மணி பாத்துட்டு என்னிக்காவது பத்து நிமிஷம் கழிச்சிருக்கியா?"

"அதை எதுக்குக் கழிக்கணும்? அது வேற."

அது வேற. ஒரே நேரம்தான், ஆனால் முகம் வேறு. மொபைலைப் பார்க்கும்போது கை தானாகக் கழிப்பதில்லை.

கடிகாரத்தைப் பழையபடி மாட்டினேன், பத்து நிமிடம் முந்தியே. மேலாளரைப் போனில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, "கர் தோ" என்றார். செய்துவிடு.

வியாழக்கிழமை

மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும், பையைக்கூட இறக்காமல், நீர்மட்டத்தின் முகத்தை மாற்றினேன். சைபரிலிருந்து நூறு வரை ஓடிய அளவை எடுத்துவிட்டேன். கண்ணாடிக் குழாய் போலவே நெட்டுக்குத்தாக ஒரு பட்டை. நடு மட்டம் சைபர். அதற்கு மேலே தண்ணீர் இருந்தால் கூட்டல் குறி, கீழே இருந்தால் கழித்தல் குறி, இத்தனை மில்லிமீட்டர் என்று. எச்சரிக்கைகளையும் அதே அளவுக்கு மாற்றி, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். ஐம்பது என்ற எண்ணோ ஐம்பத்தெட்டு என்ற எண்ணோ திரையில் எங்கும் இல்லை.

தங்கதுரை வாசலிலேயே நின்றார். முழங்கையில் கட்டோடு இசக்கி அவரைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "உக்காருங்க மச்சான். ஒங்களத் தவிர வேற எவன் உக்காந்தாலும் நான் ஏற மாட்டேன்."

தங்கதுரை உட்கார்ந்தார். கண்ணாடியருகில் இருந்து ஷிண்டே வாக்கி டாக்கியில் படித்தார்: "பீச் மே. சைபர்." நடுவில் நிற்கிறது.

தங்கதுரை திரையைப் பார்த்தார். உதடு ஏதோ கணக்குப் போட அசைந்தது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் நின்றது.

"சைபர்" என்றார்.

"எட்டுப் போகவா மச்சான்?" என்றார் இசக்கி.

"போறதுக்கு இங்கன ஒண்ணுமில்ல" என்றார் தங்கதுரை, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "மேல ஏறும்வே, மாப்ள."